வீட்டு வாசல் கதவு உள்ளே, மண்டபக் கதவு வெளியே: எது ஏன்?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு மலேசியாவின் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவில், நம் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிற ஊரில், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறீர்கள். முன்கூடம் சிறியது. வாசல் கதவு உள்ளே திறந்து நாற்காலியில் இடிக்கிறது, அதை வெளியே திறக்கும்படி மாற்றிவிடலாமா என்று கேட்டீர்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, குளியலறைக் கதவை என்ன செய்வது என்றும் கேட்டீர்கள். மூன்றாவது, தோட்டத்துக் கோயிலின் கல்யாண மண்டபத்துக்குப் புதுக்கதவு போடப்போகிறார்கள். பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புத் துறையினர், கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்கிறார்கள். நிர்வாகத்தில் மூத்தவர் ஒருவர், வாசல் கதவு உள்ளே திறப்பதுதான் நம் முறை என்கிறார். இதில் யார் சொல்வது சரி?

வாசல் கதவை மாற்றாதீர்கள். குளியலறைக் கதவை மாற்றுங்கள். மண்டபத்தில் பொம்பா சொல்வதே சரி. ஒரே ஆள் மூன்று கதவுக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்கிறானே என்று நினைப்பீர்கள். காரணம் ஒன்றுதான்.

மூடியிருக்கிற கதவை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் கீல், மறுபக்கம் தாழ்ப்பாள். நிலைச்சட்டத்தில் ஒரு விளிம்பு இருக்கும், கதவு அதில் வந்து முட்டி நிற்கும். அந்த விளிம்பை நோக்கித் தள்ளினால் கதவு இன்னும் இறுக்கமாக உட்காரும். எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் நிலையே அதைத் தாங்கிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் தள்ளினால் நிலை உதவாது, தாழ்ப்பாள் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே கதவு வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இதன் மேல் எது வந்து அழுத்தும், எந்தப் பக்கத்திலிருந்து அழுத்தும் என்பதுதான். திருடன் அழுத்துவான், மழைக்காற்று அழுத்தும், வெள்ளம் அழுத்தும், மயங்கி விழுந்த ஒரு மனிதரின் உடம்பு அழுத்தும், பயந்து ஓடுகிற கூட்டம் அழுத்தும். அழுத்தத்தைத் தடுக்க வேண்டுமா, அதற்கு வழிவிட வேண்டுமா என்பதைப் பொறுத்துத் திசை மாறும்.

நம் பழைய கதவுகளிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் பழைய வீட்டுக் கதவுகளில் இன்றைக்கு நாம் திருகாணி போட்டு மாட்டுகிற கீல் கிடையாது. கதவுப் பலகையின் ஓரத்தில் மேலும் கீழும் குடுமி நீட்டிக்கொண்டிருக்கும். கீழ்க்குடுமி படியில் குடைந்த குழியிலும் மேல்குடுமி மேலே உள்ள கட்டையின் குழியிலும் உட்கார்ந்து சுழலும். கதவின் எடை முழுவதும் கீழ்க்குழியில் இறங்கிவிடுவதால், பெரிய கனமான கதவைக்கூட ஒரு கையால் தள்ளலாம். அந்தக் கதவுகள் உள்ளே திறப்பவை. மூடிய பிறகு பின்னால் குறுக்கே கணையமரம் போடுவார்கள். வெளியே இருப்பவன் எவ்வளவு முட்டினாலும் அந்த மரம் இரண்டு பக்கச் சுவரிலும் ஊன்றி நின்று தாங்கும். கதவு வெளியே திறந்தால் இந்த மரத்துக்கு வேலையே இல்லை, வெளியே நிற்பவன் இழுத்தால் போதும். கோட்டைக்கு ஏற்பட்ட இந்த ஏற்பாடு வீட்டுக்கும் வந்தது. உங்கள் நிர்வாகத்துப் பெரியவர் சொல்கிற 'முறை' இதுதான். பாதுகாப்புக்காக ஏற்பட்ட முறை அது, அவர் இல்லாததைச் சொல்லவில்லை. வாஸ்து பார்ப்பவர்களும் தலைவாசல் கதவு உள்ளே திறக்க வேண்டும் என்றே சொல்கிறார்கள். வீட்டைப் பொறுத்தவரை அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

லயத்து வீட்டிலும் கதவு உள்ளேதான் திறந்தது. அதற்குக் காரணம் வேறு. பழைய பலகை லயங்கள் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியவை. முன்னால் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஓர் அஞ்சடி, அதாவது நடைபாதை, ஓடும். விடியுமுன் இருட்டில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, போகிற சனம் அதில்தான் நடக்கும். ஒவ்வொரு வீட்டுக் கதவும் வெளியே திறந்தால், நடக்கிறவர் முகத்தில்தான் அடிக்கும். மலாய்க்காரர்களின் தூண் வீட்டிலும் இதே கதைதான். வாசலுக்கு முன்னாலேயே படிக்கட்டு இறங்கும். படியின் மேல் கதவு வீசித் திறந்தால், ஏறி வருகிறவர் பின்னால் சாய வேண்டியதுதான். இன்றைக்கும் இதை மறக்கக் கூடாது. வெளியே திறக்கிற கதவு எங்கே போட்டாலும், அதற்கு முன்னால் கதவின் அகலத்துக்குக் குறையாத சமதளம் இருக்க வேண்டும்.

டவுனில் உள்ள பழைய கடைவரிசையையும் பாருங்கள். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட அஞ்சடி. இது 1822 இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில் வந்த விதி. மழையிலும் வெயிலிலும் சனம் தடையில்லாமல் நடக்க, ஒவ்வொரு கடையும் முன்னால் மூடிய நடைபாதை விட வேண்டும் என்றார்கள். பிறகு நம் பக்கத்து நகரங்களுக்கும் அது பரவியது. அந்த நடைபாதை கடைக்காரருடையது இல்லை, ஊருடையது. அதனால்தான் பழைய கடைகளில் கதவு பலகை பலகையாகக் கழற்றி வைப்பதாகவோ, உள்ளே மடிவதாகவோ இருக்கும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

தாமான் வீட்டில் உங்களுக்கு இருப்பது ஒரு கதவு இல்லை, இரண்டு. உள்ளே மரக்கதவு, வெளியே கிரில் கேட். மரக்கதவு உள்ளே திறக்கிறது, கேட் வெளியே திறக்கிறது. ஒன்றின் வழியில் மற்றொன்று வராது. பகலில் மரக்கதவைத் திறந்து கேட்டைப் பூட்டி வைத்தால் காற்று வரும், ஆள் வர முடியாது. நம் வெக்கைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மரக்கதவை வெளியே திருப்பினால், ஒன்று கேட்டை எடுக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டை இன்னும் வெளியே தள்ளி கார் போர்ச்சை அடைக்க வேண்டும். நாற்காலி இடிக்கிறது என்பதற்காக இந்தச் செலவு எதற்கு? நாற்காலியை நகர்த்துங்கள். அதற்கும் இடமில்லை என்றால் கீலை மறுபக்கச் சட்டத்துக்கு மாற்றலாம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது காரணம் கீல் ஊசி, அதாவது கீலின் இரண்டு தகட்டையும் கோத்து நிற்கிற கம்பி. கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ, கீலின் உருளையும் அந்தப் பக்கம்தான் தெரியும். வெளியே திறக்கிற கதவில் அது தெருவைப் பார்த்து நிற்கும். சாதாரணக் கீலாக இருந்தால் சுத்தியலும் ஓர் ஆணியும் போதும், ஊசியைத் தட்டி எடுத்துவிட்டுக் கீல் பக்கமாகவே கதவைக் கழற்றிவிடலாம். பூட்டு எவ்வளவு விலை உயர்ந்தது என்பது அங்கே பேச்சே இல்லை. இதற்கு மாற்றும் உண்டு. ஊசியைக் கழற்ற முடியாத கீல் கிடைக்கிறது. கதவின் கீல் பக்க விளிம்பில் சிறு இரும்புக் குமிழ்களைப் பதித்து, மூடும்போது அவை நிலைக்குள் போய் உட்காரும்படி செய்தால், ஊசியே இல்லாவிட்டாலும் கதவு அசையாது. சரியாகச் செய்த வெளிப்பக்கக் கதவை உதைத்துத் திறப்பதும் கடினம், ஏனென்றால் உதை முழுவதையும் நிலைச்சட்டம் வாங்கிக்கொள்ளும். ஆனால் நம் ஊரில் வீடு கட்டிக் கொடுக்கிறவர்கள் மாட்டுவது சாதாரணக் கீல்தான். அதை அப்படியே வெளிப்பக்கம் திருப்பி மாட்டினால், வீட்டுக்குள் வர நீங்களே வழி சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கிரில் கேட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. பொம்பாக்காரர்கள் ஆண்டுதோறும் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பார்கள். இரவில் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைப் படுக்கையறையிலோ கைப்பையிலோ வைத்துவிடுகிறோம். புகை சூழ்ந்த வீட்டில், மின்சாரம் போன இருட்டில், அந்தச் சாவியைத் தேட நேரம் இருக்காது. 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் தங்குமிடம் விடியற்காலையில் எரிந்து, 21 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். சன்னல்களுக்கு நிலையான இரும்புக் கம்பி போட்டிருந்தது. திருடனுக்காகப் போட்ட கம்பி உள்ளே இருப்பவரையும் அடைத்துவிடும் என்பதற்கு இதைவிட வேதனையான சாட்சி வேண்டாம். உங்கள் வீட்டில் கேட் சாவிக்கு என்று ஓர் ஆணி அடியுங்கள். கதவுக்கு உட்புறம், வெளியே இருந்து கைக்கு எட்டாத, ஆனால் உள்ளே எல்லாருக்கும் தெரிந்த இடத்தில். பிள்ளைகளும் அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துப் பழக வேண்டும். சன்னல் கம்பியில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி மாற்றுங்கள். கதவின் திசையை மாற்ற வைத்திருந்த பணத்தை இதற்குச் செலவழிக்கலாம்.

மழையைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். மழைக்கு வெளியே திறக்கிற கதவுதான் நல்லது. காற்று வெளியிலிருந்து அடிக்கும்போது அது விளிம்போடு ஒட்டி இறுகும், உள்ளே திறக்கிற கதவு விளிம்பை விட்டு விலகப் பார்க்கும். மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையில், மலாக்கா நீரிணையைத் தாண்டி வருகிற சுமத்ரா காற்றை நமக்குத் தெரியும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக அடித்தால், மூன்றடிக்கு ஏழடிக் கதவின் மேல் ஏறக்குறைய 46 கிலோ எடை சாய்ந்த அழுத்தம் விழும். தாழ்ப்பாள் தாங்கும், ஆனால் அடிப்பக்க இடுக்கில் தண்ணீர் புகும். சூறாவளி அடிக்கிற அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பல வீடுகளில் வாசல் கதவு வெளியே திறப்பது இதனால்தான். ஸ்வீடனிலும் வெளியே திறக்கிற வாசல் கதவுதான் வழக்கம். ஜப்பானியர் வீட்டில் கதவுக்கு உட்புறமே செருப்பு கழற்றும் பள்ளமான இடம் இருக்கிறது. கதவு உள்ளே திறந்தால் செருப்பையெல்லாம் வாரிக்கொண்டு போகும், ஆகவே அங்கேயும் வெளியேதான். நாம் செருப்பை வாசலுக்கு வெளியே விடுகிறவர்கள். கதவு வெளியே திறந்தால் நம் வீட்டில் செருப்பு சிதறும்!

நம் வீட்டில் மழையைத் தடுப்பது போர்ச்சின் கூரை. அது போதவில்லை என்றால் கதவின் அடியில் வெளிப்பக்கமாக ஒரு சாய்வுப் பட்டை வைத்துத் தண்ணீரை வெளியே சொட்ட விடலாம். வாசற்படியின் வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இருக்கட்டும். இதற்குமேல் மழைக்காகக் கதவைத் திருப்ப வேண்டாம்.

வெள்ளம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் உங்கள் ஊர் சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ஊர். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் ஏறிய வேகத்தை எல்லாரும் பார்த்தோம். வெளியே தண்ணீர் நிற்கிறது, உள்ளே இன்னும் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 30 சென்டிமீட்டர் உயரம் நின்றால், 90 சென்டிமீட்டர் அகலக் கதவின் மேல் அது சுமார் 40 கிலோ அளவுக்கு அழுத்தும். 60 சென்டிமீட்டர் நின்றால் 80 இல்லை, 160 கிலோ. உயரம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும், தண்ணீரின் குணம் அது. கைப்பிடி இருக்கிற ஓரத்தில் தள்ளுவதால் அதில் பாதி பலம் போதும், ஆனாலும் 80 கிலோவைத் தண்ணீருக்கு எதிராகத் தள்ளுவது அம்மாவாலோ பிள்ளைகளாலோ ஆகிற காரியமா? கதவு வெளியே திறந்தால் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். உள்ளே திறக்கிற கதவில் தாழ்ப்பாளை எடுத்தால் போதும், தண்ணீரே தள்ளித் திறந்துவிடும். ஓரமாக நின்று எடுங்கள், நேரே நிற்காதீர்கள். கிரில் கேட்டில் கம்பிகளுக்கு இடையே தண்ணீர் ஓடிவிடுவதால் அதன் மேல் இந்த அழுத்தம் கிடையாது. நடைமுறையில் இடுக்குகள் வழியாக உள்ளேயும் தண்ணீர் ஏறும், ஏற ஏற இரண்டு பக்க அழுத்தமும் சமமாகும். ஆனால் மிதக்கிற சோபா வந்து உட்புறம் கதவை அடைத்துக்கொள்ளும். எனவே தண்ணீர் வருகிறது என்று அறிவிப்பு வந்ததுமே கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

இந்த அழுத்த விஷயம் ஆகாய விமானத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். உயரத்தில் பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. வித்தியாசம் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்கு மேல். பல விமானங்களில் கதவு உட்புறத்திலிருந்து அடைப்பு மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளேயுள்ள அழுத்தமே அதை இறுக்குவதால் நடுவானில் எவராலும் திறக்க முடியாது. அதே ஏற்பாடு தவறான இடத்தில் உயிரை எடுத்தது. 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 விண்கலத்தைத் தரையிலேயே சோதித்துக்கொண்டிருந்தபோது உள்ளே தீப்பிடித்தது. கதவு உள்ளே இழுத்துத் திறக்கிற வகை. தீயில் உள்ளழுத்தம் ஏறியதால் கதவை இழுக்க முடியாமல் போனது. மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு நாசா, விரைவாக வெளியே திறக்கிற கதவை வைத்தது.

குளியலறைக்கு வருகிறேன். வீடுகளில் குளியலறைக் கதவு உள்ளே திறப்பதற்குக் காரணம் உண்டு. கதவில் தெறித்த தண்ணீர் உள்ளேயே சொட்டும், வெளியே நடப்பவர் மேல் கதவு இடிக்காது, அவசரத்தில் யாராவது திறந்தாலும் கதவே ஒரு மறைப்பாக நிற்கும். பொதுக் கழிவறையின் சிறு அறைகளிலும் உள்ளே திறப்பது நடைவழி அடைபடாமல் இருக்கத்தான். ஆனால் வயதானவர் இருக்கிற வீட்டில் கணக்கு வேறு. ஈரத்தரையில் வழுக்கி விழுகிறவர் பெரும்பாலும் கதவை ஒட்டித்தான் கிடப்பார், அறை அவ்வளவு சிறியது. கதவு உள்ளே திறந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே இருப்பவர் தள்ளத் தள்ள அவருக்குத்தான் அடிபடும். பதறிக்கொண்டு நிற்கிற அந்தச் சில நிமிடங்கள் எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

ஆகவே வெளியே திறக்கும்படி மாற்றுங்கள். பிவிசி கதவாக இருந்தால் பெரிய வேலை இல்லை. படியை உட்பக்கம் சரிவாகப் பூசச் சொல்லுங்கள், சொட்டுகிற தண்ணீர் உள்ளேயே ஓடும். கதவு திறக்கும் இடம் இருட்டான நடைவழியாக இருந்தால் அங்கே ஒரு விளக்கு வேண்டும். தாழ்ப்பாளுக்குப் பதில், வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறக்கிற பூட்டு வாங்குங்கள். வன்பொருள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். வெளியே இடமே இல்லை என்றால் பக்கவாட்டில் நகர்கிற கதவு போடலாம். அதுவும் முடியாதென்றால் கதவை அப்படியே மேலே தூக்கிக் கழற்றுகிற கீலாவது போடுங்கள். ஆனால் தூக்குவதற்கு மேலே இடைவெளி விட வேண்டும், அதை மறந்துவிட்டால் அந்தக் கீலால் பயன் இல்லை.

மண்டபத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது. ஏனென்றால் உலகம் இந்தப் பாடத்தைப் பிள்ளைகளின் உயிரைக் கொடுத்துக் கற்றது. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தில் சண்டர்லாந்து ஊரின் விக்டோரியா ஹாலில் பிள்ளைகளுக்கு ஒரு காட்சி நடந்தது. முடிவில் மேடையிலிருந்து பரிசு கொடுக்கத் தொடங்கியதும், மாடியில் இருந்த பிள்ளைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று படியில் இறங்கி ஓடினார்கள். அடியில் இருந்த கதவு உள்ளே திறப்பது. அதையும் ஒரு பிள்ளை மட்டும் நுழைகிற அளவு இடைவெளி விட்டுத் தாழிட்டிருந்தார்கள். முன்னால் வந்தவர்கள் சிக்கிக்கொள்ள, பின்னால் வந்தவர்கள் தெரியாமல் தள்ள, 183 பிள்ளைகள் மூச்சுமுட்டி இறந்தார்கள். தீ கிடையாது, புகை கிடையாது. கதவும் கூட்டமும் மட்டும்தான். உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள் அதற்குப் பிறகுதான் இங்கிலாந்தில் உருவானது.

இருபது ஆண்டு கழித்து, 1903 டிசம்பர் 30 இல், சிகாகோவின் இரோக்குவாய் நாடக அரங்கு எரிந்தது. தீயே பிடிக்காது என்று விளம்பரம் செய்த புதுக் கட்டடம் அது. சில வழிகள் பூட்டியிருந்தன, சில கதவுகள் உள்ளே திறப்பவை, சிலவற்றின் தாழ்ப்பாள் எப்படி இயங்கும் என்று பார்வையாளர்களுக்குத் தெரியவில்லை. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைக்கு அந்த நாடகத்துக்குப் போகவிருந்து, வேலை காரணமாகப் போகாமல் தப்பிய கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் வியாபாரி, இப்படி இனி நடக்கக் கூடாது என்று முனைந்தார். அவரும் ஹென்றி டுபான்ட் என்ற பொறியாளரும் சேர்ந்து உருவாக்கியதுதான், கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் நிற்கிற அழுத்துக் கம்பி. பேனிக் பார் என்று இன்று நாம் சொல்வது. கையால் பிடிக்க வேண்டாம், திருப்ப வேண்டாம், உடம்பு சாய்ந்தாலே கதவு திறக்கும். 1942 நவம்பர் 28 இல் பாஸ்டனில் கோக்கனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்தபோது, சுழல்கதவு அடைபட்டும் உள்ளே திறக்கும் கதவில் நெரிசலாகியும் 492 பேர் இறந்தார்கள். சுழல்கதவுக்குப் பக்கத்தில் வெளியே திறக்கிற சாதாரணக் கதவும் இருக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்தது.

ஒருவர் இருவர் இருக்கும்போது உள்ளே திறக்கிற கதவை ஓர் அடி பின்னால் வைத்து இழுத்துத் திறந்துகொள்ளலாம். கூட்டத்தில் அந்த ஓர் அடி பின்னால் வைக்க இடம் இருக்காது. கதவுக்கு முன்னால் நிற்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தும் முடியாது. பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அதனால்தான் எத்தனை பேர் என்பதை வைத்துச் சட்டம் எழுதினார்கள். அமெரிக்க விதிகள் ஓர் அறையில் 50 பேர் என்றால் கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும் என்கின்றன. இங்கிலாந்தில் 60 பேருக்கு மேல் என்றால் கட்டாயம். நம் நாட்டில் யூபிபிஎல் என்று சொல்கிற 1984 ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, பொதுமக்கள் கூடுகிற இடத்தில் வெளியேறும் கதவுகள் வெளியேறும் திசையில்தான் திறக்க வேண்டும். உள்ளே சனம் இருக்கும்போது பூட்டோ தாழ்ப்பாளோ போட்டிருக்கக் கூடாது. வெளியேறுவதற்கு மட்டும் உள்ள கதவில் பேனிக் பார் போடலாம். எந்த வெளியேறும் கதவையும் சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும் என்று 173 ஆம் விதி சொல்கிறது. பொம்பாக்காரர்கள் உங்களிடம் சொன்னது அவர்கள் சொந்தக் கருத்து அல்ல.

பெரியவரிடம் இதைச் சண்டையாகப் பேசாதீர்கள். கருவறைக் கதவையோ கோயிலின் தலைவாசலையோ எவரும் தொடப்போவதில்லை. அவை முறைப்படியே இருக்கட்டும். திருவிழா நேரத்தில் தலைவாசல் முழுக்கத் திறந்தே கிடக்கும், அங்கே இந்தப் பயம் இல்லை. மண்டபம் வேறு. குளிரூட்டி போட்டு, கதவைச் சாத்தி, நானூறு ஐந்நூறு பேரை உட்கார வைக்கிற இடம். பக்கத்திலேயே பெரிய அடுப்பில் சமையல். குத்துவிளக்கு, கற்பூரம், காகித அலங்காரம். அவர் பேரப்பிள்ளைகள் அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணையமரம் போட்ட கதவு வெளியே இருந்து வருகிறவனைத் தடுக்க வைத்தது, மண்டபக் கதவு உள்ளே இருப்பவரை வெளியே விட வைப்பது.

கதவு போடும்போது கவனிக்க வேண்டிய இரண்டு மூன்று விஷயம் உண்டு. கதவுக்கு வெளியே உடனே படி இறங்கக் கூடாது, சமதளம் விட்டுப் பிறகு படி. கதவு திறந்து நிற்கிற இடத்தில் செருப்பு அலமாரியோ, நாற்காலி அடுக்கோ, மோட்டார் சைக்கிளோ இருக்கக் கூடாது. நம் மண்டபங்களில் இதுதான் எப்போதும் நடக்கிறது. இரவில் பூட்டுவதற்குச் சங்கிலி போட்டால், விசேஷ நாளில் அதைக் கழற்றி அலுவலகத்தில் கொண்டுபோய் வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கைப்பிடியில் தொங்கவிட்டால் எவராவது மாட்டிவிடுவார்கள். உள்பக்கத்தில் கைப்பிடியே வேண்டாம், தட்டையான தகடு போதும். தகட்டைப் பார்த்தால் கை தானாகத் தள்ளும், கைப்பிடியைப் பார்த்தால் இழுக்கும். 'தோலாக்' (தள்ளு), 'தாரிக்' (இழு) என்று மலாயில் எழுதி ஒட்டியதைக் கூட்டத்தில் யார் படிக்கப்போகிறார்கள்?

இனி கீலை எந்தப் பக்கம் மாட்டுவது என்பது. பொதுவாக, திறந்த கதவு பக்கத்துச் சுவரோடு ஒட்டி நிற்கும்படி, சுவருக்கு அருகில் உள்ள சட்டத்தில் கீல் வைப்போம். அறையின் இடம் வீணாகாது. படுக்கையறையில் மட்டும் சிலர் எதிர்ப்பக்கம் கேட்பார்கள். பாதி திறந்தாலும் உள்ளே இருப்பவர் தெரியாமல் கதவு மறைக்கும் என்பதற்காக. பழைய இங்கிலாந்து வீடுகளில் அப்படித்தான் மாட்டினார்கள். விளக்கு விசை கைப்பிடி பக்கம் இருக்க வேண்டும், கதவுக்குப் பின்னால் மறைந்துவிடக் கூடாது. கீலை மாற்றுகிறவர்கள் மறக்கிற விஷயம் இது. உங்கள் முன்கூடத்தில் நாற்காலி இடிக்கிற பிரச்சினை, கீலை மறுசட்டத்துக்கு மாற்றினால் தீரலாம். விசை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கீல் வைக்கிற உயரமும் முக்கியம். கதவு கீலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. மேல்கீல் சட்டத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வரப் பார்க்கும், கீழ்க்கீல் சட்டத்தை அழுத்தும். கதவு 30 கிலோ, 90 சென்டிமீட்டர் அகலம் என்றால், கீல்களுக்கு நடுவே 160 சென்டிமீட்டர் தூரம் விட்டால் மேல்கீலைப் பிடுங்கும் பலம் சுமார் எட்டரைக் கிலோ. 100 சென்டிமீட்டர் மட்டும் விட்டால் பதின்மூன்றரைக் கிலோ ஆகிவிடும். ஆகவே கீல்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள், மேல்கீலுக்கு நீளமான திருகாணி போடுங்கள். கதவு தரையில் உரசத் தொடங்கினால் பெரும்பாலும் குற்றவாளி மேல்கீலின் தளர்ந்த திருகாணிதான். அதைப் பார்க்காமல் அடியைச் சீவுகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் மட்டும் கைப்பிடிப் பக்கம் இறுகினால் அது மரம் ஈரம் குடித்து அகலத்தில் பருப்பது. ஓரங்களுக்கும் மேல் கீழ் விளிம்புகளுக்கும் சாயம் அடிக்காமல் விட்டிருப்பார்கள். வெயில் காலத்தில் நன்றாகக் காய்ந்த பிறகு அடித்தால் சரியாகும்.

இரண்டு கீல் போதுமா என்றால், சாதாரண அறைக் கதவுக்குப் போதும். வாசலின் முழு மரக்கதவுக்கு மூன்று போடுங்கள். மண்டபத்துக் கனமான கதவுகளுக்கு எத்தனை கீல், எந்த அளவு என்பதைக் கதவு செய்கிற கம்பெனியின் அட்டவணைப்படியே விடுங்கள், தச்சர் கண்ணளவில் முடிவு செய்ய வேண்டாம். தானாக மூடுகிற கருவி மாட்டினால் மேல்பக்கத்துக்குக் கூடுதல் இழுப்பு வரும், அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

கடையில் கதவு சொல்லும்போது இடக்கதவு, வலக்கதவு என்று வாயால் சொல்லாதீர்கள். இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும், கடைக்காரர் ஒன்று நினைத்துக் கொடுப்பார், பூட்டு தலைகீழாக வந்து சேரும். ஒரு தாளில் மேலிருந்து பார்க்கிற மாதிரி சுவரை வரைந்து, கீல் எங்கே என்று ஒரு புள்ளி, கதவு திறந்து போகிற வளைவுக்கு ஒரு கோடு, வீட்டுக்கு உள்பக்கம் எது என்று ஓர் எழுத்து. குளியலறைக்கு ஒன்று, மண்டபத்துக்கு ஒன்று என்று இரண்டு தாள் போதும். போடுவதற்கு முன் எனக்கும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.